சிவரூபியின் இரத்தம்

என் சகலன் கிருசாந்தன் தன் மனைவியோடு உப்புக்குச் சண்டை பிடித்தார். கறியில் உப்புக் கூட என்றார். இல்லை என்றாள் சிவரூபி. "கன்ரீனில ஜேர்மன்காரனுக்கு அவிச்சு அவிச்சு உங்கட நாக்குச் செத்துப்போச்சு" என்றாள். அவர் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினார்.

நான் என் சோற்றைத் தின்றேன். உப்பு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கௌசலா இறந்த பிறகு அதெல்லாம் தெரிவதில்லை. பொறாமை மட்டும் தெரிந்தது. உப்புக் கூட என்று சொல்ல அவருக்கு ஓர் ஆள் இருந்தது.

கௌசலா என் மனைவி. சிவரூபி அவளுடைய அக்கா. போன மார்கழி வெள்ளத்தோடு வந்த எலிக்காய்ச்சலில் கௌசலா இறந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் போன பிறகும் நான் உடையார்கட்டு ஊரில் மாமி வீட்டிலேயே இருந்தேன். விவசாயப் போதனாசிரியர் வேலை. காலையில் மோட்டார் சைக்கிளில் போவேன், பின்னேரம் வருவேன். மாமி சோறு வைப்பார். வீட்டை விட்டுப் போவதற்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. இருப்பதற்கும் இல்லை.

செத்தவீட்டுக்குச் சிவரூபி மட்டும்தான் ஜேர்மனியிலிருந்து வந்தாள். கிருசாந்தனுக்கு லீவு கிடைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்து, ஒன்றரை மாதம் எங்களோடு இருந்துவிட்டுப் போனாள். இப்போது ஆவணி விடுமுறைக்கு இருவரும் வந்திருந்தார்கள். கொடியில் இரண்டு துவாய்கள் காய்ந்தன. குளியலறையில் இரண்டு பற்தூரிகைகள் ஒரே கோப்பையில் நின்றன. காலையில் பல் விளக்கப் போகும்போது அவற்றைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

வந்த அன்றே உண்ணிக் கதை வந்தது. வைகாசியில் அங்கே தோட்டத்துப் பற்றைக்குள் சிவரூபிக்கு உண்ணி கடித்திருக்கிறது. பிறகு மூட்டு உளைவு, களைப்பு. லைம் என்றொரு நோய், உண்ணியால் வருவது. அதற்காக இரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

"உண்ணிக்கு ஆஸ்பத்திரியோ?" என்றார் மாமி. "அப்ப எங்கட மாடெல்லாம் வாட்டிலதான் கிடக்கவேணும்."

சிவரூபி சிரித்தாள். கிருசாந்தன் சிரிக்கவில்லை.

சோற்றோடு எழுந்த அன்று பின்னேரம் அவர் என்னிடம் வந்தார். "வாரும், குளக்கட்டுப் பக்கம் ஒரு சுத்துப் போட்டு வருவம்" என்றார். பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். குளத்தில் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. சேற்றில் மாடுகள் நின்றன. கொக்குகள் அவற்றின் முதுகைக் கொத்தின.

"நீர் பயோ செய்தனீர்தானே?"

"ஓம் அண்ணை. கம்பஸில தாவரவியல்."

"இதை ஒருக்காப் பாரும்."

போனை நீட்டினார். சிவரூபியின் இரத்தச் சோதனை முடிவு. மேலே ஜேர்மன் மொழி, கீழே போன் செய்து கொடுத்த ஆங்கிலம். ஊரில் கம்பஸ் போனவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பார்கள். நெல்லு மஞ்சளித்தாலும் நான், பிள்ளைக்குக் கிரந்தி போட்டாலும் நான். ஆனால் இது எனக்கு விளங்கியது. வைரஸ், கிருமி, எதிர்ப்புப் பொருள் எல்லாம் கௌசலாவின் காய்ச்சலோடு நான் தேடித் தேடி வாசித்தவை. அவள் இருந்தபோது அல்ல. அவள் போன பிறகு.

முதற் சோதனையில் ஐ.ஜி.எம். பொசிற்றிவ். ஐ.ஜி.ஜி. நெகற்றிவ். உறுதிப்படுத்தும் இரண்டாவது சோதனையில் மங்கலாக ஒரு கோடு; போதாது என்று எழுதியிருந்தது. அடியில் ஒரு குறிப்பு. இந்த முடிவு வேறு நோய்களாலும் வரக்கூடும், அவற்றையும் பார்க்கவும் என்று, இரண்டு பெயர்கள்.

கிருசாந்தன் முதற் பெயரை விரலால் விரித்துப் பெரிதாக்கினார். திரையில் அது மட்டும்தான் இருந்தது.

சிபிலிஸ்.

"உது எப்பிடி வாற வருத்தமெண்டு எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும்" என்றார். "எனக்கு இல்லை. வெளிக்கிட முன்னம் போய் எடுத்துப் பாத்திட்டன்."

நான் சேற்றில் நின்ற மாடுகளைப் பார்த்தேன்.

"அவா இஞ்ச ஒண்டரை மாசம் நிண்டவா. வீட்டில ஆர் ஆர் இருந்தது? மாமி. அவா. நீர்."

அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருக்கலாம். பட்டிருப்பேனா தெரியாது. கோபமும் உப்பைப் போலத்தான் ஆகிவிட்டது.

விரலை எடுத்ததும் திரை சுருங்கியது. இரண்டாவது பெயர் தெரிந்தது. லெப்டோஸ்பைரோசிஸ். எலிக்காய்ச்சல். கிருசாந்தன் தனக்குத் தெரிந்த சொல்லோடு நின்றுவிட்டார். அடுத்த சொல் அவருக்கு வெறும் எழுத்து. எனக்கு அப்படி இல்லை. தை மாதத்தில் சிவரூபிக்கு வந்தது அதுதான். அவருக்குத் தெரியாது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஒரு வசனம் சொன்னால் போதும். அவர் முகம் மாறியிருக்கும், இருவரும் தேத்தண்ணிக்கு வீடு திரும்பியிருக்கலாம்.

"வடிவாப் பாக்கவேணும் அண்ணை" என்றேன். "எனக்கு அனுப்பிவிடுங்கோ."

சொல்லாததற்கு மாமிக்குக் கொடுத்த வாக்கு ஒரு காரணம். அது சின்னக் காரணம். சந்தேகப்பட அவருக்கு ஒரு மனைவி இருந்தாள் என்பதுதான் பெரியது. ஓர் இரவுக்காவது, பக்கத்தில் ஆள் இருந்தும் இல்லாதவனாக அவர் படுக்கட்டும் என்று இருந்தது. எனக்கு எல்லா இரவும் அப்படித்தான்.

திரும்பி வரும்போது இன்னொன்று தோன்றியது. அவர் மனதில் என் பெயரில் ஒரு வினோதன் இருந்தான். அந்த வினோதனுக்கு வீட்டில் ஒரு பெண் இருந்தாள். அவன் அவளைத் தொட்டிருந்தான். அவன் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

வீட்டில் சிவரூபி கிணற்றடியில் உடுப்பு அலம்பிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து பார்த்தால் கௌசலா. முன்னால் வந்தால் இல்லை. நான் எப்போதும் முன்பக்கமாகவே சுற்றி வருவேன்.

"உவர் உம்மட்டை என்ன காட்டினவர்?"

"உங்கட ரிப்போட்."

"லைம் தானாமோ?" பிழிந்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "என்னோட வேலை செய்யிற ஒரு மனிசிக்கு உது இருதயத்துக்கு ஏறினது. ரிப்போட் இவற்ற போனுக்குத்தான் வந்தது, இவர் ஒண்டும் சொல்லுறாரில்லை. ரிப்போட் வந்த நாளிலயிருந்து என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு வினோதன்."

ரிப்போட்டில் அந்தச் சொல் இருப்பது அவளுக்குத் தெரியாது என்று அப்போதுதான் விளங்கியது. கணவன் தனக்காகக் கவலைப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், ஜேர்மன் டொக்டரிட்டை எலிக்காய்ச்சல் வந்ததெண்டு சொன்னனீங்களோ?"

"இல்லை."

"ஏன்?"

"இவர் பக்கத்தில இருந்தவர். அம்மாட்டைச் சத்தியம் பண்ணிக் குடுத்தனானெல்லே." சட்டையை மறுபடி பிழிந்தாள். அதில் தண்ணீர் இல்லை. "நீரும்தானே குடுத்தனீர்."

ஓம், நானும்தான்.

கௌசலா இறந்தது ஒரு சனிக்கிழமை. சனிப்பிணம் துணை தேடும் என்பார்கள். பாடையோடு ஒரு கோழிக்குஞ்சையாவது கட்டிவிட வேண்டும். துணைக்கு அது போகும், வீட்டில் வேறு ஆள் போகாது. மாமி குஞ்சும் பிடித்து வைத்திருந்தார். நான் வேண்டாம் என்றேன். படித்தவன் என்பதால் அல்ல. அவளோடு எதுவும் போவது எனக்குப் பிடிக்கவில்லை. மாமி குஞ்சைத் திரும்பக் கூட்டுக்குள் விட்டார்.

பிரேதம் எடுப்பதற்கு முதல் நாள்தான் சிவரூபி வந்து சேர்ந்தாள். முற்றமெல்லாம் முழங்கால் அளவு வெள்ளம். ஆள் வந்து போகிற வீட்டில் அவள்தான் வெறுங்காலோடு கிணற்றுக்கும் குசினிக்கும் நடந்தாள். எட்டாம் நாட் சடங்கான எட்டுச் செலவு முடிந்து சில நாளில் காய்ச்சல் பிடித்தது. அதே கண் சிவப்பு, அதே கெண்டைக்கால் நோ. மாமி அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "குஞ்சைக் கட்டியிருக்கலாம் தம்பி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பேசவில்லை. பேசவும் விடவில்லை. துணை தேடி வந்த சாவின் பெயரை வாயால் சொன்னால் அதற்கு வாசல் திறந்த மாதிரி என்றார். சிவரூபி எழும்பிய பிறகும் விடவில்லை. சாமி அறையில் எங்கள் இருவரையும் நிறுத்தி, சூடத்தின் மேல் கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். ஜேர்மனிக்கு ஒரு சொல்லும் போகக் கூடாது.

அவள் பிழைத்தாள். கௌசலாவுக்கு என்ன காய்ச்சல் என்று தெரிவதற்குள் சிறுநீரகம் போய்விட்டது. சிவரூபிக்கு வந்தது என்ன என்று முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கௌசலா செத்த வீடு என்பதால் சுகாதாரப் பரிசோதகர் வந்து போயிருந்தார். ஆஸ்பத்திரியிலும் ஊர்ப் பெயரைச் சொன்னவுடன் ஊசி ஏற்றினார்கள். கௌசலா முன்னால் போய் வழி காட்டினாள், அக்கா அந்த வழியால் திரும்பி வந்தாள். கட்டிலில் கண்ணைத் திறந்து தேத்தண்ணி கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். சந்தோசப்பட முடியவில்லை.

கிணற்றடியில் அவளிடம் அந்தச் சொல்லைப் பற்றி நான் சொல்லவில்லை. "லைம் மாதிரித் தெரியேல்லை மச்சாள்" என்று மட்டும் சொன்னேன். அதற்கே அவள் முகம் தெளிந்தது. கௌசலாவின் முகம் தெளிகிற விதம். நான் உள்ளே போய்விட்டேன்.

அடுத்த நாள் காலை கிருசாந்தனின் பெட்டி விறாந்தையில் நின்றது. ஒரு பெட்டி மட்டும்.

மாமி புட்டு அவித்துக்கொண்டிருந்தார். சிவரூபி தலை வாராமல் கதவு நிலையில் நின்றாள். "ரிக்கற்றை மாத்திப் போட்டாராம்" என்றாள் என்னிடம். "தனியப் போறாராம். ஏனெண்டு கேட்டா உம்மட்டைக் கேக்கட்டாம்."

கிருசாந்தன் கதிரையில் இருந்தார். சவரம் செய்திருக்கவில்லை. "பாத்தீரோ?" என்றார்.

"பாத்தன் அண்ணை."

"நான் கேக்கிறது ஒண்டுதான். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் நீரும் ரத்தம் குடும். பேப்பரைக் கொண்டு வந்து எனக்குக் காட்டும். பேந்து நான் ஒண்டும் கதைக்கேல்லை."

"வினோதன் ஏன் ரத்தம் குடுக்கவேணும்?" என்றாள் சிவரூபி.

அவள் கணவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த போனை எடுத்தாள். அந்தச் சொல் இன்னும் பெரிதாக்கியபடியே கிடந்தது. அவள் ஜேர்மன் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்பவள். வாசிக்க நேரம் எடுக்கவில்லை.

"வினோதனோடயோ?" என்றாள் மெதுவாக. "தங்கச்சியின்ர படத்துக்கு முன்னால கொளுத்தின விளக்கு நூரேல்லை. அதுக்குள்ள வினோதனோடயோ?"

"நான் பேர் சொல்லேல்லை."

"வீட்டில வேற ஆம்பிளை ஆர்? அம்மா வளத்த சாவலோ?"

மாமி குசினியிலிருந்து வந்தார். கையில் புட்டுக்குழல். "என்ன சத்தம்?" என்றார்.

சிவரூபி அழவில்லை. போனை அவர் மடியில் போட்டாள். உள்ளே போய்த் தன் பெட்டியையும் இழுத்து வந்து அவருடைய பெட்டிக்குத் தள்ளி வைத்தாள். "நான் உங்களோட வரேல்லை. நான் வேற பிளைட்டில போறன். போய் வேற வீடும் பாக்கிறன்" என்றாள்.

கிருசாந்தனின் கை கதிரைச் சட்டத்தில் இறுகியது. அந்தக் கையை நான் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். அவளை இழக்கப்போகிறோம் என்று இரவு முழுவதும் பயந்து, அந்தப் பயம் தாங்காமல் தானே முந்திக்கொண்டு பெட்டி கட்டியவர். அது எனக்குத் தெரிந்த பயம். ஆனால் எனக்கு வந்தபோது சொல்வதற்கு யாரிடமும் ஒரு வசனம் இருக்கவில்லை. அவருக்கு இருந்தது. என்னிடம் இருந்தது.

"அண்ணை, ரண்டாவது பேரை வாசிச்சனீங்களோ?" என்றேன்.

"எந்தப் பேர்?"

"அதுக்குப் பக்கத்தில."

அவர் போனைப் பார்த்தார். "லெப்ரோ... என்ன உது?"

"தம்பி" என்றார் மாமி. "வாயால சொல்லாதேங்கோ."

"எலிக்காய்ச்சல்" என்றேன்.

மாமி புட்டுக்குழலை நிலத்தில் வைத்துவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சாளுக்குத் தையில எலிக்காய்ச்சல் வந்தது. லைம் கிருமியும், எலிக்காய்ச்சல் கிருமியும், நீங்கள் பயப்பிடுற கிருமியும் ஒரே சாதி. மூண்டும் சுருள் சுருளா இருக்கும். முதல் செய்யிற சோதனைக்குச் சாயல்தான் தெரியும், ஆள் தெரியாது. அதுதான் எல்லாற்ற பேரையும் எழுதிவிடுவாங்கள்."

"அப்ப உந்த எம் எண்டது பொசிற்றிவ்?"

"ஐ.ஜி.எம். எண்டது கிருமி வந்தவுடனை ஓடி வாற காவல்காரர். ஐ.ஜி.ஜி. பிறகு வந்து குடியிருக்கிற ஆக்கள். உண்ணி கடிச்சது வைகாசி, ரத்தம் எடுத்தது ஆடி. உண்மையா லைம் எண்டால் அதுக்குள்ள குடியிருக்கிற ஆக்களும் வந்திருக்கவேணும். வரேல்லை. ரண்டாவது சோதனையும் சரிவரேல்லை. உது எலிக்காய்ச்சலுக்கு வந்த காவல்காரராத்தான் இருக்கவேணும். சில பேருக்கு மாசக்கணக்கில நிப்பினம். நான் டொக்டரில்லை. ஆனா எலிக்காய்ச்சல் வந்ததெண்டு தெரியாமல் எந்த டொக்டரும் உதைச் சரியா வாசிக்கேலாது."

அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். "உம்மைக் காப்பாத்த நீர் சொல்லுறீர்" என்றார்.

"நான் சொல்லுறன்" என்றார் மாமி.

சாமி அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "தம்பி சொல்லுறது உண்மை. நான்தான் சொல்லவேண்டாமெண்டு கையடிச்சு வாங்கினனான். சின்னவள் சனியில போனவள், மோனை. பெரியவளைக் கேட்டு வந்திட்டாளெண்டு நினைச்சன். சொன்னா நீங்கள் பயந்து இவளைப் பேந்து இஞ்ச விடமாட்டியள் எண்டும் நினைச்சன். எனக்கு இருக்கிறது இவள் ஒருத்திதானே."

குசினியில் புட்டுப் பானைத் தண்ணீர் கொதித்துச் சீறியது. யாரும் இறக்கப் போகவில்லை.

"கௌசலாவுக்கு வந்ததோ?" என்றார் கிருசாந்தன். "அதேயோ?"

"அதே."

"அப்ப இவா செத்திருப்பாவோ?"

"செத்திருக்கலாம்."

அவர் சிவரூபியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. "நான் ஒவ்வொரு நாளும் போன் எடுத்தனான்" என்றார். "நெற்வேக் இல்லையெண்டு சொன்னியள். நாலைஞ்சு நாள் கதைக்கவே இல்லை. வாட்டிலயோ கிடந்தனீர்?"

அவள் தலையாட்டினாள்.

"ஆர் கொண்டு போனது?"

"நான்" என்றேன்.

"என்னெண்டு? றோட்டெல்லாம் வெள்ளமெண்டு சொன்னவை."

"மோட்டார் சைக்கிளில. ஓட்டோ வராது. அவாவுக்கு இருக்க ஏலாது, விழுந்திடுவா. மாமியின்ர சீலையால என்னோட சேத்துக் கட்டிப்போட்டுக் கொண்டு போனனான்."

அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சந்தேகம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்தது. எனக்கு அதை நன்றாகத் தெரியும். மாதக்கணக்காக என் முகத்தில் இருந்தது அது. அவர் கற்பனை செய்திருந்த வினோதன் போய், அவர் மனைவியை முதுகில் கட்டிக்கொண்டு வெள்ளத்தில் போன வினோதன் வந்திருந்தான். முந்தியவனுக்கு ஓர் இரத்தச் சோதனை போதும். இவனுக்கு எந்தச் சோதனையும் இல்லை.

"வாட்டில ஆர் பக்கத்தில இருந்தது? தேத்தண்ணி ஆர் குடுத்தது?" என்றார்.

"நான்தான்."

"என்ன கேட்டவா? என்ன கதைச்சவா?"

"ஒண்டும் பெரிசா இல்லை அண்ணை. உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு சொன்னவா."

அதற்குத்தான் அவர் அழுதார். சத்தமில்லாமல், கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு. சிவரூபி உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு போய்க் கதிரைக்குப் பின்னால் நின்று அவர் தலையில் கையை வைத்தாள். "ரத்தம் குடுக்கிறன்" என்றாள். "பேப்பரையும் கொண்டு வந்து உங்கட மூஞ்சையில ஒட்டுறன். அதுக்குப் பிறகு ஒரு மாசத்துக்கு நீங்கள்தான் சமையல்."

நான் முற்றத்துக்கு இறங்கினேன். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

புட்டுச் சாப்பிட்ட பிறகு இருவரும் வெளிக்கிட்டு வந்தார்கள். சிபிலிஸுக்குத் தனிச் சோதனை இருக்கிறது, வயிற்றில் பிள்ளையோடு கிளினிக் போகிற எல்லோருக்கும் எடுப்பது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தேன். அதை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் தையில் கொடுத்த எலிக்காய்ச்சல் முடிவுக்கும் ஒரு பிரதி கேட்டு, இரண்டையும் ஜேர்மன் டொக்டரிடம் காட்டச் சொன்னேன். மோட்டார் சைக்கிள் திறப்பைக் கிருசாந்தனிடம் கொடுத்தேன்.

அவர் திறப்பை வாங்கிக்கொண்டு நின்றார். "எந்த வாட்?" என்றார்.

"பிரதி ஒப்பீசில தருவினம். வாட்டுக்குப் போகத் தேவையில்லை."

"தெரியும். எனக்கு அந்தக் கட்டிலைப் பாக்கவேணும்."

சிவரூபி ஏற்கனவே பின்னால் ஏறியிருந்தாள். ஒரு கையால் அவருடைய சேட்டைப் பிடித்திருந்தாள்.

"பொம்பிளையள் வாட்" என்றேன். "உள்ளுக்குப் போனவுடனை இடக்கைப் பக்கம். கடைசி ஜன்னலோரம்."

அவர் தலையாட்டினார். படலையால் மெதுவாக வெளியே போனார்கள். தூசி எழுந்து அடங்கியது.

ஜன்னலோரக் கட்டிலுக்கு அடுத்தது கௌசலா கிடந்த கட்டில். அங்கிருந்துதான் அவளை யாழ்ப்பாணத்துக்கு ஏற்றினார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன அலுமாரி. சிவரூபிக்குக் காவலிருந்த நாளெல்லாம் நான் என் கதிரையைக் கௌசலாவின் கட்டில் பக்கம் திருப்பியே வைத்திருந்தேன்.

கிருசாந்தன் கேட்ட எல்லாவற்றையும் நான் சொன்னேன். கதிரை எந்தப் பக்கம் பார்த்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.